முப்பத்தாறு கம்பிகள்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுவதை நாம் அனைவரும் அறிவோம். 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவியருக்கென்று தொடங்கிய அத்திட்டம் 2005-06 முதல் மாணவ மாணவியர் அனைவருக்குமாக விரிந்தது. அவ்வாறு எங்கள் மூத்த மகளுக்குக் கிடைத்த மிதிவண்டி, அவள் கல்லூரிக்குப் போன பின்பு இளையவளின் கைக்கு வந்தது. இளையவள் இப்போது பத்தாம் வகுப்பு. நாங்கள் குடியிருக்கும் பென்னலூரிலிருந்து திருப்பெரும்புதூரில் இருக்கும் அவளுடைய பள்ளிக்கு ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர்.

இந்த வட்டாரத்தை அறிந்தவர்களுக்கு அந்த நான்கு கிலோமீட்டர் எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை எங்கள் ஊரை ஒட்டியே ஓடுகிறது. ஒரு பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் உற்பத்தியாகின்றன. மறுபக்கம் சுங்குவார்சத்திரம், தெற்கே ஒரகடம், வல்லம் வடகால் என்று தொழிற்சாலைகள் நீண்டுகொண்டே போகின்றன. காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனிப் பேருந்துகளும் கன்டெய்னர் லாரிகளும் கார்களை அடுக்கிச் செல்லும் நீண்ட டிரெய்லர்களும் ஒன்றையொன்று முந்தும். பள்ளிக்கு மணி அடிக்கும் நேரமும் அதுதான்.

சென்ற ஆண்டு மழைக்கு முன்பு அந்த மிதிவண்டியின் பின்சக்கரத்தில் ஒரு கம்பி அறுந்தது. ஒரு கம்பிதானே என்று கடையில் கொடுத்துப் புதிதாக ஒன்றைப் போட்டு வாங்கினோம். மூன்று வாரத்தில் வேறோர் இடத்தில் ஒன்று. பிறகு ஒரே வாரத்தில் இரண்டு. கடைசியாக அறுந்தவை அடுத்தடுத்து இருந்தமையால் சக்கரம் கோணி, சட்டத்தில் உரசி, சர்வீஸ் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிட்டது. பின்னால் வந்த கன்டெய்னர் லாரியின் ஓட்டுநர் பிரேக்கை மிதித்து நிறுத்தி, இறங்கி வந்து, மிதிவண்டியைத் தூக்கி ஓரமாக வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாராம். எந்த மாநிலத்தவரோ, தமிழ் அவருக்குத் தெரியவில்லை. அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக. மகளுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

அன்று மாலை வீட்டில் நடந்த பேச்சு சக்கரத்தைப் பற்றியதாக மட்டும் இல்லை. பார்க்க வந்த உறவினர் ஒருவர், "வயசுக்கு வந்த புள்ளைய இந்த ரோட்டுல சைக்கிள்ல அனுப்பணுமா? ஷேர் ஆட்டோ இல்லையா? இந்த வருஷத்தோட பத்தாவது முடியுது, அதோட போதும்னு விட்டா என்ன?" என்றார். அன்பினால் சொன்னவைதாம். ஆயினும் ஒரு கம்பியில் தொடங்கிய பேச்சு இரண்டே வாக்கியத்தில் படிப்பில் வந்து நின்றதை நாங்கள் இருவரும் கவனித்தோம். மகளும் கவனித்தாள். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போனாள்.

பெண்பிள்ளைகள் மிதிவண்டி ஓட்டுவது குறித்து நம் வீடுகளில் இத்தகைய பேச்சு புதியதன்று. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவோடு சேர்த்து மிதிவண்டியும் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்களில் நம் சமுதாயத்துப் பெண்களும் இருந்தார்கள். அவர்களும் ஏச்சுப் பேச்சுகளைக் கேட்டுக்கொண்டேதான் ஓட்டினார்கள். பெண்களுக்கான வண்டி கிடைக்காத இடங்களில் ஆண்கள் வண்டியையே எடுத்துக்கொண்டு, குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்து ஓட்டினார்கள். ஒட்டகம் ஏறிய குறைஷிப் பெண்களை நபி (ஸல்) அவர்கள் பாராட்டிச் சொன்ன செய்தி புகாரியில் இருப்பதை அந்த உறவினருக்கு நினைவூட்டினோம். அவர் மறுக்கவில்லை, "ஒட்டகத்துக்குக் கம்பி அறுந்துபோகாதே" என்றார். நியாயமான பதில்தான். சாலை ஆபத்தானது என்பது உண்மை. அந்த ஆபத்தில் எங்கள் கையில் இருப்பது சக்கரம் ஒன்றுதான்.

மறுநாள் வண்டியைக் கடைக்குக் கொண்டு போனோம். மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடைகள் இங்கே தடுக்கி விழுந்தால் ஒன்று இருக்கின்றன. மிதிவண்டிக் கடை தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடைக்காரர் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "புது வீலே போட்டுடுங்க சார். முழுசா கம்பி மாத்தணும்னா அரைநாள் போயிடும், கட்டுப்படி ஆவாது" என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அரைநாளில் அவர் எத்தனை பஞ்சர் ஒட்டலாம்!

ஆனால் ரிம்மில் துருவில்லை, அடிபட்ட பள்ளமும் இல்லை. ஹப்பைக் கழற்றிக் குண்டுகளைப் பார்த்தால் அவையும் தேயவில்லை. கெட்டது கம்பிகள் மட்டுமே. நல்லதாக இருக்கும் இரண்டைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதுச் சக்கரம் வாங்குவது எங்களுக்கு வீண்விரயமாகப் பட்டது. அப்போது நினைவுக்கு வந்தவர்தாம் மாமு.

மாமு எங்களுக்கு இரத்த உறவு அல்லர். மணிக்கணக்கில் வாடகைக்கு மிதிவண்டி விட்ட காலத்தில் திருப்பெரும்புதூரில் கடை வைத்திருந்தவர். பள்ளிவாசலில் எல்லாருக்கும் அவர் மாமு. கடையை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கண்ணில் புரை, கையில் நடுக்கம். விஷயத்தைச் சொன்னபோது, "என் கை இனிமே நிப்பிளப் புடிக்காது தம்பி. நான் உக்காந்து சொல்றேன், நீங்க செய்ங்க. புள்ளையும் செய்யட்டும்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை அவர் சற்று அழுத்தியே சொன்னார்.

ஒரு கம்பி மாற்றினால் இன்னொன்று ஏன் அறுகிறது என்பதைத்தான் முதலில் கேட்டோம். மாமு சொன்னதையும், நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பிகள் மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போன்றவை அல்ல. ஆரக்கால் கட்டை, அது எடையைத் தாங்கி நிற்கும். இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள கம்பியை நிறுத்தி வைத்து அதன்மேல் எடையை வைத்தால் வளைந்துவிடும். ஆகவே எல்லாக் கம்பிகளையும் ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையே முன்கூட்டியே இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். நாம் ஏறி உட்காரும்போது தரையை நோக்கியிருக்கும் சில கம்பிகள் தம் இழுவிசையில் கொஞ்சம் தளர்கின்றன. சக்கரம் உருண்டதும் மீண்டும் இறுகுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பிக்கும் இந்தத் தளர்வும் இறுக்கமும் ஒருமுறை நேர்கிறது. எங்கள் வண்டியின் சக்கரம் ஒருமுறை உருண்டால் சுமார் 2.1 மீட்டர் செல்லும். போக வர எட்டுக் கிலோமீட்டர் என்றால் நாளொன்றுக்கு 3,800 சுற்று. ஆண்டுக்கு 200 பள்ளி நாள் என்று வைத்தாலும் ஏழரை லட்சம். அக்காவுக்கு இரண்டாண்டு, தங்கைக்கு இரண்டாண்டு. ஆக முப்பது லட்சம் முறை அந்தக் கம்பிகள் தளர்ந்து இறுகியிருக்கின்றன. ஒரு கம்பியைக் கையால் இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் எப்படி ஒடிகிறதோ, அதே களைப்புதான் இதுவும். அதனால்தான் பெரும்பாலான கம்பிகள் ஹப்பின் துளையில் வளைந்து நுழையும் கழுத்தில் அறுகின்றன.

நமக்கு வியப்பாக இருந்தது இதுதான்: இறுக்கிக் கட்டிய கம்பியைவிடத் தொளதொளவென்று இருக்கும் கம்பியே சீக்கிரம் அறுகிறது. இறுக்கமான கம்பி ஒவ்வொரு சுற்றிலும் சிறிதே தளர்ந்தாலும் இழுவையிலேயே இருக்கும். தளர்ந்த கம்பியோ ஒவ்வொரு சுற்றிலும் முழுவதும் விடுபட்டு, கழுத்தில் ஆடி, மறுபடி வெடுக்கென்று இழுபடும். அது அறுந்ததும் அதன் பங்கு பக்கத்துக் கம்பிகளின்மேல் விழுகிறது. அவையும் அதே முப்பது லட்சத்தைப் பார்த்த பழங்கம்பிகள். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டுவிட்டு மற்றவை நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே முப்பத்தாறையும் மாற்றுவது என்று முடிவாயிற்று. (பழைய பெரிய மிதிவண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 என்று கணக்கு, பின்புறம்தானே எடை அதிகம். எங்களுடையதில் இரண்டிலும் 36.) பழைய கம்பி ஒன்றை நேராக்கி, வளைவின் உட்புறத்திலிருந்து மரை முடியும் நுனி வரை அளந்து எடுத்துக்கொண்டு காஞ்சிபுரத்துக்குப் போனோம். உதிரிபாகக் கடையில் அந்தப் பழங்கம்பியையே நீட்டி அதே நீளத்தில் நாற்பது கம்பிகள் வாங்கினோம். நான்கு கூடுதலாக வாங்கச் சொன்னது மாமு. கம்பியோடு நிப்பிளும் வரும். பித்தளை நிப்பிளா என்று பார்த்து வாங்கச் சொல்லியிருந்தார். எஃகுக் கம்பியோடு எஃகு நிப்பிள் துருவேறிப் பிடித்துக்கொண்டால் பிறகு திருப்பவே முடியாது, கம்பிதான் முறுக்கிக்கொள்ளும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு முற்றத்தில் பழைய பாய் ஒன்றை விரித்து உட்கார்ந்தோம். மாமுவுக்கு நாற்காலி. முதலில் டயர், ட்யூப், ரிம் டேப் எல்லாவற்றையும் கழற்றினோம். பிரீவீலையும் கழற்ற வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் அந்தப் பக்கத்துத் துளைகளில் கம்பி நுழையாது. எதிர்ப்பக்கமாகத் தட்டித் திருப்பி அதைக் கழற்றுவதற்குள் வியர்த்துவிட்டது.

கம்பி கோப்பதைப் பூத்தொடுப்பதோடு ஒப்பிடலாம் என்று மகள் சொன்னாள். எங்களுக்கு அது கோலம் போடுவதைப்போல் இருந்தது. பிரீவீல் பக்கத்துத் தட்டில் ஒன்று விட்டு ஒரு துளையில் ஒன்பது கம்பிகள். அவை ரிம்மில் நான்குக்கு ஒரு துளை வீதம் சேரும். பிறகு மறுபக்கத் தட்டில் ஒன்பது. இப்போது ஹப்பைப் பிடித்து ஒரு திருகு திருகினால், நேராக நின்ற கம்பிகளெல்லாம் ஒரு பக்கமாகச் சாயும். மீதிப் பதினெட்டும் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து வரவேண்டியவை. ஒவ்வொன்றும் தன் பக்கத்துக் கம்பிகள் மூன்றைக் கடந்து வரும்; முதல் இரண்டை ஒரு புறமாகக் கடந்து, மூன்றாவதை மட்டும் மறுபுறமாகப் பின்னிக்கொண்டு ரிம்முக்குப் போகும். இந்தச் சாய்வு அழகுக்காக அன்று. மிதிக்கும்போது ஹப்தான் முதலில் திரும்புகிறது. அதன் திருப்பு விசையை ரிம்முக்குக் கொண்டு போக வேண்டும். கம்பிகள் ஹப்பிலிருந்து நேராக விரிந்திருந்தால் அதை இழுத்துச் செல்ல இயலாது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி என்பவர் 1874-இல் இப்படிக் குறுக்காகச் சாய்த்துக் கோத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஒன்றரை நூற்றாண்டு ஆகியும் இதில் பெரிய மாற்றமில்லை. எங்கள் ஊருக்குத் தெற்கே ஒரகடத்தில் 2013 முதல் இயங்கும் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் புல்லட்டின் சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். அங்கும் இதே கம்பி, இதே நிப்பிள், இதே சாய்வு.

காற்று அடிக்கும் வால்வுத் துளைக்கு இருபுறமும் வரும் கம்பிகள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய இணையாக இருக்கின்றனவா என்று மாமு இரண்டு முறை கேட்டார். அங்கே இரு கம்பிகள் நெருங்கி வந்துவிட்டால் பம்பு நுழையாதாம். அவருக்குக் கண் மங்கல். விரலால் தடவியே கண்டுகொண்டார்.

நிப்பிள் எல்லாவற்றுக்கும் மரையில் ஒரு சொட்டு எண்ணெய். பிறகு எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு, மரை மறையும் வரை மட்டும் திருப்பினோம். எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பதில்தான் புதிதாகச் செய்பவர்கள் குழம்புவார்கள். டயர் இருக்கும் வெளிப்பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்ப இறுகும்; ஹப்பின் பக்கமிருந்து பார்த்தால் அதுவே எதிர்த்திசையாகத் தெரியும். மகள் ஒரு சாக்குக்கட்டியால் ரிம்மில் அம்புக்குறி போட்டுக்கொண்டாள்.

அடுத்தது கோட்டம் எடுத்தல். வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் சொல்லின் கோணலுக்கு ஆண்ட 'கோட்டம்' என்ற சொல், பேச்சுவழக்கில் வேறெங்கும் அதிகம் கேட்காவிட்டாலும் மிதிவண்டிக் கடைகளில் இன்றும் உயிரோடிருக்கிறது. 'பெண்டு எடுத்தல்' என்றும் சொல்வார்கள். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரத்தை மாட்டி, சாக்குக்கட்டியை ரிம்முக்கு அருகே அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினால், கோணிய இடம் மட்டும் கட்டியில் பட்டு வெள்ளையாகும். ரிம் வலப்புறம் கோணியிருந்தால், அந்த இடத்தில் இடத்தட்டிலிருந்து வரும் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, வலத்தட்டுக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். மேலும் கீழுமாக மேடிருந்தால் அங்கே இருபக்கக் கம்பிகளையும் சேர்த்து இறுக்க வேண்டும். முழுச் சுற்று ஒருபோதும் கூடாது. "அவசரப்பட்டு ஒரே கம்பியில நியாயம் கேக்காதீங்க, எட்டுக் கம்பிக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு குடுங்க" என்பது மாமுவின் கட்டளை.

லுஹர் பாங்கு சொல்லும்போது சக்கரம் இன்னும் சிறிது ஆடிக்கொண்டுதான் இருந்தது. தொழுதுவிட்டு வந்து தொடர்ந்தோம். பிற்பகலில் கோட்டம் ஒரு காகிதக் கனத்துக்கு வந்தது. முடிந்துவிட்டது என்று எழுந்தோம். மாமு விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நகத்தால் ஒவ்வொரு கம்பியாகச் சுண்டச் சொன்னார். ஒரு பக்கத்துக் கம்பிகளெல்லாம் ஏறக்குறைய ஒரே ஒலியில் கேட்க வேண்டும். 'டிங், டிங்' என்று போய்க்கொண்டிருந்த ஒலி நடுவே ஓரிடத்தில் 'டொப்' என்றது. "அதான்" என்றார். நேராகச் சுற்றும் சக்கரத்திலும் ஒரு கம்பி வேலை செய்யாமல் நிற்கலாம். பக்கத்திலிருப்பவை அதன் சுமையையும் ஏற்று ரிம்மை நேராக வைத்திருக்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஒலிதான் காட்டிக்கொடுக்கும். அப்படி ஐந்து கம்பிகள் அகப்பட்டன. அவற்றை இறுக்கியதும் கோட்டம் மறுபடி தலைகாட்டிற்று, மறுபடி எடுத்தோம். கடைசியாக, இணையாக வரும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் பிடித்து அழுத்தினோம். முறுக்கிக்கொண்டிருந்த கம்பிகள் சடசடவென்று விடுபட்டன. பின்பு மீண்டும் ஒரு சுற்றுக் கோட்டம். நிப்பிளுக்கு மேலே துருத்திய கம்பி நுனிகளை அரத்தால் ராவி, ரிம் டேப்பைச் சுற்றினோம். அதை விட்டுவிட்டால் முதல் நாளே ட்யூப் பஞ்சராகும்.

நம் பெண்மக்களுக்கு இங்கே ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். மகள் மாலையில் குர்ஆன் ஓதச் செல்லும்போது பர்தா அணிந்து போகிறாள். பர்தாவின் ஓரமோ துப்பட்டாவின் நுனியோ பின்சக்கரத்துக் கம்பிகளுக்குள் போனால், கம்பி வளைவதோடு நிற்காது. ஓட்டுபவரையே பின்னுக்கு இழுத்துத் தள்ளிவிடும். மோட்டார் சைக்கிள்களில் பின்சக்கரத்தின் பாதியளவையாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி சொல்கிறது. பின்னால் அமர்பவரின் உடை சிக்காமலிருக்கவே அது. முற்காலத்துப் பெண்கள் மிதிவண்டிகளில் மட்கார்டிலிருந்து அச்சு வரை விசிறிபோல் நூல் வலை கட்டியிருக்கும். இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் அதைக் காண்பதில்லை. நாங்கள் மட்கார்டின் இருபுறமும் சிறு துளைகள் இட்டு, மீன்வலைக்குப் பயன்படும் நைலான் நூலால் அவ்வாறே கட்டினோம். இரண்டு மணி நேர வேலை. மிதிவண்டியில் பர்தா கூடாது என்றோ, பர்தாவோடு மிதிவண்டி கூடாது என்றோ வாதிடுவோர் இரு தரப்பாரும் இந்த வலையை முதலில் கட்டிக் கொடுத்துவிட்டு வாதிடலாம்.

புதுக்கம்பிகள் முதல் சில நாள்களில் சற்றே இளகும் என்று மாமு சொல்லியிருந்தார். ஒரு வாரம் ஓட்டியபின் சரிபார்த்தபோது மூன்று நிப்பிள்களுக்குக் கால் சுற்றுத் தேவைப்பட்டது. அதற்குப் பிறகு ஒரு மாதம், பிறகு அரையாண்டுத் தேர்வு, இப்போது பொதுத் தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள். கம்பி ஒன்றும் அறவில்லை, அல்ஹம்துலில்லாஹ். சாலை மாறவில்லை, லாரிகளும் குறையவில்லை. நெடுஞ்சாலையை விட்டு ஏரிக்கரைப் பக்கமாகச் சுற்றிப் போகும் வழியைக் கண்டுபிடித்திருக்கிறோம். ஒரு கிலோமீட்டர் கூடுதல், ஆனால் கன்டெய்னர் வராது. ஒவ்வொரு நாளும் அவள் வீடு சேரும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அந்த உறவினர் சென்ற வாரம் மறுபடியும் வந்திருந்தார். முற்றத்தில் நின்ற மிதிவண்டியைச் சுற்றிவந்து நூல் வலையைத் தொட்டுப் பார்த்தார். பதினொன்றாம் வகுப்பைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. தம் பேத்தியின் வண்டிக்கும் இப்படி ஒன்று கட்டித் தர முடியுமா என்றுதான் கேட்டார். மகள் உள்ளிருந்து, "நூல் மட்டும் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

பதினொன்றில் சேர்ந்ததும் அவளுக்கும் புது மிதிவண்டி ஒன்று வரும், இன்ஷா அல்லாஹ். வந்த அன்றே அதன் கம்பிகளைச் சுண்டிப் பார்க்க வேண்டும் என்று மாமு சொல்லியனுப்பியிருக்கிறார். மீந்த நான்கு கம்பிகளை அவள் பழைய ட்யூப் துண்டால் சுற்றி இருக்கைக்கு அடியில் கட்டி வைத்திருக்கிறாள். நிப்பிள் சாவி அவளுடைய ஜாமெட்ரி பெட்டியில் இருக்கிறது.